புதுச்சேரி ஏ.எஃப்.டி மில் இடத்த என்ன பண்ணலாம்? முதலியார்பேட்டை, உப்பளம் பக்கத்து ஆளுங்க வந்து பேசுங்க

ரயில்கேட்_வாசி:
மக்களே, இந்தப் பேச்ச ரொம்ப நாளா ஆரம்பிக்கணும்னு நெனச்சிட்டு இருந்தேன். கடலூர் ரோட்டுல ரயில்வே கேட் போட்டு நிக்கும்போது எல்லாரும் பார்க்குற அந்த நீள மதிலு, உள்ள செடி மண்டிப்போன ஷெட்டுங்க, அதான் நம்ம ஏ.எஃப்.டி, ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் துணி மில்லு. 1898ல ரோடியர் மில்லா ஆரம்பிச்சது. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கூரை பிச்சிகிட்டு போச்சு, 2013க்கு அப்புறம் தறி ஓடல, ஆளுங்களுக்கு லே-ஆஃப்னு அரைச் சம்பளம், கடைசில 2020 ஏப்ரல் 30ஓட மூடியாச்சு. நாடே லாக்டவுன்ல வீட்டுக்குள்ள அடஞ்சி கிடந்த மாசம் அது, அவ்ளோ பெரிய மில்லு மூடுன அன்னிக்கு கேட் முன்னாடி நாலு பேரு சேர்ந்து நிக்கக்கூட வழியில்ல.

அதுலேர்ந்து ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு பேச்சு. ஒருத்தர் ஜவுளிப் பூங்காங்குறாரு, ஒருத்தர் ஐடி பார்க்குங்குறாரு, டீக்கடைல கேட்டா மால் வரப்போவுதுன்னு சொல்றாங்க. நடுவுல 2024 ஜூன்ல புது பஸ் ஸ்டாண்ட்ட இடிச்சி கட்டும்போது ஏ.எஃப்.டி திடல்ல தற்காலிக பஸ் ஸ்டாண்ட் போட்டாங்க, அது எப்படி இருந்துச்சின்னு இந்தப் பக்கம் இருக்குறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, பஸ்ஸும் கேட்டும் சேர்ந்து இந்த ரோட்டையே முழுங்கிடுச்சு. இப்போ பஸ் ஸ்டாண்ட் பழைய இடத்துக்கே போயிடுச்சு, மறுபடியும் காலி.

நான் சொல்ல வர்றது இதுதான். என்ன கட்டலாம்ங்குறது ரெண்டாவது கேள்வி. மொதல் கேள்வி, இது யாரோட நிலம், யார கேட்டு முடிவு பண்ணுவாங்கங்குறது. 80கள்ல தனியார் கையில மில்லு நின்னு போனப்போ அரசாங்கம் எடுத்துச்சு, அப்போலேர்ந்து இது பொதுச் சொத்து. பொதுச் சொத்துல ஒரு சென்ட் கூட விக்கக் கூடாது, அத எழுத்துல வாங்கிட்டு அப்புறமா பூங்காவா மாலான்னு பேசுவோம். உங்க கருத்து என்ன? எதிர்க்கருத்து இருந்தாலும் சொல்லுங்க, மரியாதையா பேசுவோம்.

நெல்லித்தோப்பு_கடை:
தம்பி நல்ல விஷயம்தான் ஆனா நான் நேரா சொல்லிடறன். எனக்கு மாலா இருந்தாலும் சரி பார்க்கா இருந்தாலும் சரி, எதுனா ஒண்ணு வரணும். மில்லு ஓடுனப்போ ஷிப்ட் மாறுற நேரத்துக்கு கடலூர் ரோட்டு பக்கம் வந்து பாத்திருக்கணும் நீங்க, சங்கு ஊதுனா போதும், சைக்கிளா கொட்டும், டீக்கட பஞ்சர்கட இட்லிக்கட எல்லாம் அந்த சங்க நம்பிதான் கல்லாவ தொறப்பாங்க. தற்காலிக பஸ் ஸ்டாண்ட் இருந்தப்போ ஜனங்க கஷ்டப்பட்டாங்க, ஒத்துக்கறன், ஆனா அந்த பக்கத்து கடைங்களுக்கு மறுபடி உயிர் வந்துச்சி. இப்போ பேச்சு பேச்சுன்னு இன்னும் பத்து வருஷம் இழுத்தா அந்த ரோட்டுல யாரும் கட வச்சிருக்க மாட்டாங்க. பாதுகாக்கணும் பாரம்பரியம்னு சொல்லி சொல்லி எதுவுமே நடக்காம போறத பாத்துகினே இருக்கன்.

உப்பளம்_ரவி:
+1 அண்ணே. நான் இன்னும் ஒரு படி மேல போறேன். மொத்தத்தையும் இடிச்சிட்டு வீடு கட்டுங்க. வாய்க்கா ஓரத்துல சீட்டு போட்டுகிட்டு எத்தன குடும்பம் இருக்குன்னு உப்பளம் பக்கம் வந்து பாருங்க, மழைன்னா கட்டில்மேல கட்டில் ஏத்தி வச்சிட்டு உக்காந்திருப்பாங்க. ஃபெஞ்சல் புயலப்போ 2024 டிசம்பர் 1 காலைல ஒரே நாள் மழை 45 சென்டிமீட்டருக்கு மேல, அன்னிக்கு எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. இவ்ளோ பெரிய மேட்டு நிலம் நடு ஊர்ல கிடக்கும்போது ஓடு போன ஷெட்ட போட்டோ எடுக்க வச்சிருக்கணும்னு யாராச்சும் சொன்னா எனக்கு கோவம் வருது. உயிரோட இருக்குறவங்களுக்கு மொதல்ல கூரை.

தறிக்காரர்_மகள்:
ரவி தம்பி, கோவம் நியாயம். ஆனா அது வெறும் ஷெட்டு இல்லப்பா.

எங்கப்பா வீவிங்ல இருந்தாரு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சி வந்தா தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையா பஞ்சு ஒட்டிகிட்டு இருக்கும், அம்மா வாசல்லயே நிறுத்தி துண்டால தட்டி விட்டுட்டுதான் உள்ள விடுவாங்க. வீட்ல எல்லாரும் கொஞ்சம் சத்தமாதான் பேசுவோம், தறி சத்தத்துல அப்பாவுக்கு காது மந்தம். தறிக்கு முன்னாடி நின்னுகிட்டு பேசுனா கேக்காதுன்னு வாய் அசைவ வச்சே பேசுவாங்களாம், அது வீட்லயும் வந்துடும், தூரத்துல நின்னுகிட்டு சத்தமே இல்லாம வாயசைச்சி “சாப்டியா”ன்னு கேப்பாரு. அந்த மில்லு சம்பளத்துலதான் நாங்க படிச்சோம், எங்க தெருவுல பாதி வீடு அந்த மில்லு பி.எஃப் லோன்ல எழும்புனதுதான்.

அதனால நான் சொல்றது, அந்த இடத்துல என்ன வந்தாலும் சரி, தொழிலாளருங்க செட்டில்மெண்ட் பாக்கி ஒரு ரூபா கூட இல்லாம தீர்ந்தாச்சான்னு கணக்கு வெளில வைக்கணும். பாக்கி கேட்டு ஆளுங்க தெருவுல நின்னதெல்லாம் பேப்பர்ல வந்ததுதான். அதுல நெறைய பேரு இப்போ உயிரோட இல்ல. அவங்க வேர்வைல சம்பாதிச்ச நிலத்துல ரிப்பன் வெட்டுறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கு போய் சேர வேண்டியது போய் சேரட்டும்.

சங்கத்து_ஆள்:
தோழர் சொன்னதுக்கு ரெண்டு வார்த்த சேர்க்குறேன். இந்த இடத்தோட வரலாறு தெரியாம அடுத்த தலைமுறை வளருது, அதான் பெரிய நஷ்டம். 1936 ஜூலை 30, பிரெஞ்சுக்காரன் ஆட்சி. கூலி உயர்வு, வேலை நேரம், சங்கம் வைக்கிற உரிமை இதெல்லாம் கேட்டு மில் தொழிலாளருங்க வேலைநிறுத்தம் பண்ணப்போ சுட்டான், 12 பேர் செத்தாங்க. தலைவரு வ.சுப்பையா. இன்னிக்கு ரயில்வே ஸ்டேஷன் இருக்குற ரோட்டுக்கு சுப்பையா சாலைன்னு பேரு, அதுல தினம் போறவங்கள்ல எத்தன பேருக்கு அவரு யாருன்னு தெரியும்? அந்த ரத்தத்துக்கு அப்புறம்தான் 1937 ஏப்ரல்ல எட்டு மணி நேர வேலைக்கு சட்டம் வந்துச்சு. ஆசியாவுலயே மொதல்ல இங்கதான்னு நாங்க மேடைல பெருமையா சொல்லுவோம். வருஷா வருஷம் ஜூலை 30க்கு மாலை போடுறோம், கலைஞ்சி போறோம். சவானா, ரோடியர், கெப்ளே மூணு மில்லுக்காரங்களும் சேர்ந்து நடத்துன போராட்டம் அது. அந்த மூணுல எதுலயாவது ஒரு ஷெட்டாவது நின்னாதான் புள்ளைங்களுக்கு காட்டி சொல்ல முடியும்.

கிராஜுவிட்டி, அதான் பணிக்கொடை விஷயத்துல சட்டம் தெளிவு. மில்லு மூடுனப்போ இருந்த 1972 சட்டப்படி வேலை பாத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி, கொடுக்க வேண்டிய நாளுக்கு அப்புறம் 30 நாளைக்குள்ள கொடுக்கணும், தாண்டுனா வட்டி. மில்லு மூடிட்டாங்கன்னா அதுக்கு தனியா நஷ்டஈடு. இது எதுவும் தயவு இல்ல. யாருக்காவது சந்தேகம் இருந்தா தனிச்செய்தில கேளுங்க, பேப்பர் எல்லாம் எடுத்துட்டு வாங்க, பாத்து சொல்றேன்.

உப்பளம்_ரவி:
தோழர், 12 பேருக்கு நானும் மாலை போட்டிருக்கேன். ஆனா அவங்க கூலிக்காகவும் சோத்துக்காகவும் செத்தாங்க, செங்கல்லுக்காக இல்ல. அந்த நிலத்துல கூலிக்காரன் வீட்டுக்கு இடம் கொடுத்தா அதவிட பெரிய நினைவுச் சின்னம் ஏது?

கட்டடப்_பொறியாளர்:
நான் பழைய கட்டடங்கள்ல வேலை பாக்குற ஆள். இடிக்கணும் வேணாம்னு ரெண்டு பக்கமும் பேசுறீங்க, உள்ள என்ன இருக்குன்னு அளந்து பாத்தவங்க யாரும் பேசல. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

இந்த மாதிரி பழைய மில்லுங்கள்ல ரம்பப் பல்லு மாதிரி ஏறி இறங்குற கூரை இருக்கும். ஒரு சரிவுல ஓடோ தகடோ, இன்னொரு நேர் பக்கத்துல கண்ணாடி, அந்தக் கண்ணாடி வடக்க பாத்து இருக்கும். ஏன்னா வடக்கு வெளிச்சத்துல நேர் வெயில் அதிகம் அடிக்காது, நெழலும் விழாது, தறில ஒரு இழை அறுந்தா உடனே கண்ணுல படும். அதுக்குக் கீழ வார்ப்பிரும்பு தூணு, நடுவுல குறுக்குச்சுவரே இல்லாம பரந்த தரை. இப்படி ஒரு இடம் இன்னிக்கு புதுசா கட்டணும்னா எவ்ளோ செலவாகும்னு யோசிங்க. பட்டறை, நூலகம், கண்காட்சி, உள் விளையாட்டு, தையல் யூனிட் எது வேணா உள்ள வரலாம், பகல்ல லைட்டே போட வேணாம்.

இப்ப பிரச்சனை என்னன்னா, கூரை போன நாள்லேர்ந்து ஒவ்வொரு மழையும் சுவத்துக்குள்ள எறங்குது. சுண்ணாம்புக் கலவை சுவரு ஈரத்த தாங்கும், ஆனா காயறதுக்கு அவகாசம் வேணும், மேல மூடாம விட்டா தாங்காது. அரசங்கன்னு ஒண்ணு மொளச்சா வேரு உள்ள போயி நாலஞ்சு வருஷத்துல சுவத்த பொளந்துடும். நம்ம ஊர்லயே பாத்தோம். கடற்கரை மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சி ஆபீஸ், 1870கள்ல கட்டுனது, பழுது பாக்கணும் பாக்கணும்னு சொல்லிகிட்டே இருந்து 2014 நவம்பர் 29 மழைல அப்படியே உக்காந்துடுச்சு. அப்புறம் உலக வங்கி காசுல அதே மாதிரி புதுசா கட்டி 2021ல தொறந்தாங்க. சரி, அழகா இருக்கு. ஆனா மொதல்லயே பழுது பாத்திருந்தா ஆகியிருக்குற செலவு அதுல ஒரு பங்குதான். கடற்கரையில இருந்ததால திருப்பி கட்டுனாங்க. முதலியார்பேட்டைல ஒரு மில்லு ஷெட்டு உக்காந்தா யாரும் திருப்பி கட்ட மாட்டாங்க.

எனக்கு இதுல ஒரு ஆதங்கமும் உண்டு. பாரம்பரியம்னா இந்த ஊர்ல புல்வார்டுக்கு உள்ள, அதான் பழைய நகரத்த சுத்திப் போற ரோட்டுக்குள்ளதான்னு ஆயிடுச்சு. மஞ்ச பெயிண்ட் அடிச்ச பங்களாவுக்கு கிடைக்குற அக்கறைல பத்துல ஒண்ணு கூட தொழிலாளி நின்ன இடத்துக்கு கிடைக்கல. ஊரோட காசு சம்பாதிச்சது மில்லுங்கதான்.

அதே நேரம் எல்லாத்தையும் காப்பாத்தணும்னு நான் சொல்லல. பின்னாடி சேத்து சேத்து கட்டுன கான்கிரீட் ஷெட்டு, தகர கொட்டாய் இதெல்லாம் எடுத்துடலாம், ரவி கேக்குற வீட்டுக்கு அந்த இடம் வரும். எது பழசு எது ஒட்டுன்னு பிரிக்க ஒரு அளவை எடுக்கணும், அதுதான் மொதல் வேலை. அப்புறம் முக்கியமா ஒண்ணு, சாயம் போட்ட யூனிட் இருந்த பக்கம் மண்ணையும் கிணத்துத் தண்ணியையும் டெஸ்ட் பண்ணாம குழந்தைங்க வெளையாடுற இடமோ வீடோ போடக்கூடாது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சீட்டு எங்கயாவது இருந்துச்சின்னா புல்டோசர் வச்சி ஒடைக்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரல்ல போனா இருபது முப்பது வருஷம் கழிச்சி வியாதி காட்டும். நனைச்சி, முழுசா கழட்டி, மூடி எடுத்துட்டு போகணும்.

நெல்லித்தோப்பு_கடை:
சார் நல்லா சொன்னீங்க ஆனா அளவை எடுக்க எவ்ளோ நாளு? அதான் என் பயம்.

கட்டடப்_பொறியாளர்:
அண்ணே, ட்ரோன் வச்சி மேலேர்ந்து எடுத்து, கீழ ஒரு டீம் நடந்து பாத்தா சில மாசத்துல முடிஞ்சிடும். இன்ஜினியரிங் காலேஜ், ஆர்க்கிடெக்சர் பசங்கள வச்சே பெரும்பகுதி பண்ணலாம், அவங்களுக்கும் படிப்பு. பாரம்பரியக் கட்டடங்கள பாதுகாக்குற இன்டாக் அமைப்பு ஆளுங்க ஊர்லயே இருக்காங்க. இழுக்குறது அளவை இல்லண்ணே, முடிவு.

மும்பை_நெல்லைக்காரன்:
நான் மும்பைல வளந்தவன், லால்பாக் பரேல் பக்கம். எங்க ஏரியாவுக்கு கிரண்காவ்னு பேரு, மில்லூர்னு அர்த்தம். இந்த பேச்ச படிச்சதும் எழுதாம இருக்க முடியல, ஏன்னா நீங்க இப்ப நிக்கிற எடத்துல நாங்க 90கள்ல நின்னோம்.

1982 ஜனவரில தத்தா சாமந்த் தலைமையில ஸ்ட்ரைக்கு, ரெண்டரை லட்சம் பேர் வெளிய வந்தாங்க, அது முடிஞ்சதுன்னு யாரும் அறிவிக்கவே இல்ல, மில்லுங்கதான் ஒண்ணொண்ணா முடிஞ்சி போச்சு. நடு நகரத்துல சுமார் 600 ஏக்கர். 1991ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, 58ம் விதின்னு சொல்லுவாங்க, நிலத்த மூணா பிரிக்கணும், ஒரு பங்கு மாநகராட்சிக்கு பூங்கா மைதானத்துக்கு, ஒரு பங்கு வீட்டு வசதி வாரியத்துக்கு சாதாரண ஜனங்க வீட்டுக்கு, ஒரு பங்கு மில் முதலாளிக்கு. கேக்க எவ்ளோ நல்லா இருக்கு. 2001ல அந்த விதில சின்னதா ஒரு திருத்தம். மூணு பங்கு மொத்த நிலத்துல இல்ல, கட்டடம் இல்லாம காலியா கிடக்குற நிலத்துல மட்டும்னு. மில்லு நிலத்துல காலி இடம் எங்க இருக்கு, முக்காவாசி ஷெட்டுதான். ஜனங்களுக்கு வர வேண்டிய பங்கு அப்படியே சுருங்கிடுச்சு. கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2006ல திருத்தம் செல்லும்னு தீர்ப்பு. இன்னிக்கு அங்க மால், கண்ணாடி டவரு. மில்லுல வேலை பாத்தவங்க வாரிசுங்க வீட்டு லாட்டரிக்கு மனு போட்டுட்டு உக்காந்திருக்காங்க.

ஆகவே ரயில்கேட் அண்ணன் சொன்னத கெட்டியா புடிச்சிக்கோங்க. பங்கு எவ்ளோன்னு மட்டும் பாக்காதீங்க, எதுல பங்குங்குறத பாருங்க. ஒரு வரி போதும் ஊர் கையிலேர்ந்து நழுவ. இன்னொண்ணு, கமலா மில்ஸ்னு ஒரு காம்பவுண்ட், பழைய மில்லுக்குள்ள ஓட்டல் பப்னு தொறந்து விட்டாங்க, 2017 டிசம்பர் 29 நடுராத்திரி தீ, 14 பேர் செத்தாங்க. பழைய ஷெட்டுக்குள்ள ஆளுங்கள விடுறதுன்னா தீயணைப்பு வழி, வெளியேறுற வழி இதெல்லாம் மொதல்லயே கண்டிஷனா எழுதணும்.

வடசென்னை_குமார்:
பெரம்பூர்லேர்ந்து. பின்னி மில்லு எங்களுது, பக்கிங்காம் கர்நாடிக். 1918 ஏப்ரல் 27ல சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில்லு ஆளுங்கள வச்சிதான் ஆரம்பிச்சது, வாடியா தலைவரு, திரு.வி.க துணைத் தலைவரு. நாட்டுல ஒழுங்கா அமைச்ச மொத தொழிற்சங்கம்னு பாடத்துல வருது. 1996ல மூடுச்சு. அப்புறம் பல வருஷம் சினிமா ஷூட்டிங், சண்டைக் காட்சி எல்லாம் அங்கதான். இப்போ அடுக்குமாடி. அந்தப் பக்கம் போனா என் பையன் கிட்ட காட்ட எதுவும் இல்ல. உங்களுக்கு இன்னும் இருக்கு. அதான் எழுதுறேன்.

கோவை_பீளமேடு:
இங்கயும் அதே நிலைமைதாங்க. தேசிய பஞ்சாலைக் கழகத்து மில்லுங்க 2020 மார்ச் லாக்டவுனுக்கு மூடுனது மூடுனதுதான். ஆனா ஒரு நல்ல விஷயமும் சொல்றனுங்க, மத்திய சிறை நிலத்துல செம்மொழிப் பூங்கா வந்துருக்கு. அரசாங்கம் மனசு வச்சா நடு ஊர் நிலத்த விக்காம ஜனங்களுக்கு கொடுக்க முடியும்ங்க.

உப்பளம்_ரவி:
மும்பை அண்ணன் எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். சரி, நான் கேக்குறது வீடு. ஒட்டு ஷெட்டு எல்லாம் எடுத்துட்டு அந்த இடத்துல வீடு வரும்னா பழைய ஷெட்ட வச்சிக்கறதுல எனக்கு தகராறு இல்ல. ஆனா வீடு யாருக்குன்னும் எழுதணும். வாய்க்கா ஓரத்துல இருக்குறவங்களுக்கு, மில்லு ஆளுங்க குடும்பத்துக்கு. அத விட்டுட்டு நடுத்தர வர்க்க அபார்ட்மெண்ட்னு போட்டா நானே கேட் முன்னாடி உக்காருவேன். விக்கவும் வாடகைக்கு விடவும் முடியாதபடி பட்டா கண்டிஷன் வேணும், இல்லன்னா அஞ்சு வருஷத்துல கை மாறிடும்.

ரெண்டு_புள்ளைங்க_அம்மா:
எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுறீங்க, நான் சின்னதா ஒண்ணு கேக்கறேன். அந்த மதில் ஓரமா சாயங்காலம் ஏழு மணிக்கு நடந்து போயிருக்கீங்களா யாராச்சும்? பொண்ண டியூஷன்லேர்ந்து கூட்டிட்டு வரும்போது அந்த நீளம் முழுக்க ஒரு கட கிடையாது, ஒரு வீட்டு வாசல் கிடையாது, லைட்டு ஒண்ணு எரியும் ரெண்டு எரியாது. கேட் போட்டுட்டா வண்டிங்க எல்லாம் எறும்பு நுழைய இடம் விடாம நிக்கும், நடக்குறவங்க மதிலோட ஒட்டிகிட்டு சாக்கடை மூடி மேல கால் வச்சி போகணும். பஸ் ஸ்டாண்ட் இங்க இருந்தப்போ மழைல திடலே சேறு, பலக போட்டு அதுமேல பொட்டி தூக்கிட்டு நடந்தாங்க, வயசானவங்கள பாக்கவே முடியல.

திட்டம் வர இன்னும் எத்தன வருஷமோ ஆகட்டும். அதுவரைக்கும் மதில பத்தடி உள்ள தள்ளி வச்சி நடைபாதை போடுங்க, லைட்டு போடுங்க, திடல்ல ஒரு ஓரத்த புள்ளைங்க வெளையாட தொறந்து விடுங்க, ஒரு கக்கூஸ் கட்டுங்க பொம்பளைங்களுக்கு. இதுக்கு மாஸ்டர் பிளான் தேவையில்ல. இந்த ஏரியாவுல புள்ளைங்க ஓடியாட இடமே இல்ல, ரோட்டுலதான் கிரிக்கெட்.

தறிக்காரர்_மகள்:
அக்கா நூத்துக்கு நூறு. ரவி தம்பி எழுதுன பட்டா கண்டிஷனும் சரி. அதோட பொம்பளைங்களுக்கு வேலையும் சேர்த்துக்கோங்க. மில்லு இருந்த ஊர்ல தையல் தெரிஞ்ச கை, துணி தரம் பாக்கத் தெரிஞ்ச கை இன்னும் இருக்கு. ஒரு ஷெட்ட கூட்டுறவு தையல் யூனிட்டுக்கு கொடுத்தா, பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் ஒண்ணு போதும் நிரந்தர வேலைக்கு.

ஐடி_தம்பி:
நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிக்கிறேன். எங்க செட்டு படிச்சிட்டு எல்லாரும் சென்னை பெங்களூருக்கு போறோம். வார கடைசில பஸ் புடிச்சி வந்துட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி அழுதுகிட்டே திரும்புறோம். ஊர்ல சம்பளம் கொடுக்குற கம்பெனி இல்ல. அந்த இடத்துல ஒரு நல்ல ஆபீஸ் வளாகம் வந்தா எங்க அப்பா அம்மா கூட இருக்கலாம். தையல் யூனிட் பூங்கா எல்லாம் வேணும், ஆனா அதுமட்டும் போதாது. நிலத்த விக்காம குத்தகைக்கு விடலாமே, வர்ற வாடகைல ஷெட்ட பராமரிக்கலாம்.

ரயில்கேட்_வாசி:
தம்பி, நீ எதிர்ப்பக்கம் இல்ல. குத்தகைங்குறது நல்ல யோசனை, ஆனா 99 வருஷம்னு போட்டா அது வித்த மாதிரிதான், நம்ம பேரப்புள்ளைங்க கூட கேட்டுக்குள்ள போக முடியாது. வருஷம் குறைவா இருக்கணும், வாடகை இத்தன வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும்னு இருக்கணும், ஊர் ஆளுங்களுக்கு வேலைல இத்தன பங்குன்னு இருக்கணும், குத்தகை ஒப்பந்தத்த வெப்சைட்ல போடணும். பொறியாளர் சார் சொன்ன தூணும் வடக்கு வெளிச்சமும் இருக்குற ஷெட்டு ஆபீசுக்கும் ஆகும்தான.

கேட் விஷயமும் சொல்லிடறேன், அக்கா எழுதுனதுல எனக்கு ஞாபகம் வந்துச்சு. விழுப்புரம் லைன் 1879ல போட்டது, அப்போ இந்த ரோட்டுல மாட்டு வண்டிதான். இன்னிக்கு கடலூர் போற பஸ்ஸு, லாரி, ஆம்புலன்ஸு எல்லாம் இந்த ஒரு கேட்டுல நிக்குது. மேம்பாலம் வராம இங்க மால் மாதிரி பெரிய கூட்டம் இழுக்குற எதுவும் வரக்கூடாது, தற்காலிக பஸ் ஸ்டாண்டே நமக்கு காட்டிடுச்சு. பெரிய மார்க்கெட் கடைங்கள இந்தத் திடலுக்கு மாத்தலாம்னு பேச்சு வந்தப்போ வியாபாரிங்க ஏன் எதிர்த்தாங்கன்னு இங்க நிக்கிற நமக்கு நல்லாவே புரியும்.

சரி, மனு எழுதலாம்னு இருக்கேன். இதுவரைக்கும் பேசுனதுல யாரும் மறுக்காதத எடுத்துக்கறேன். நிலம் அரசு கையிலயே இருக்கணும், விக்கறது இல்ல, நீண்ட குத்தகை இல்ல. தொழிலாளர் பாக்கி நிலவரம் பேரு பேரா வெளியிடணும், மிச்சம் இருந்தா திட்டத்துக்கு பணம் ஒதுக்குறதுக்கு முன்னாடி அதுக்கு ஒதுக்கணும். மண்ணு தண்ணி டெஸ்ட்டு, கட்டட அளவை, மரக் கணக்கு, அதுக்கப்புறம் முதலியார்பேட்டைலயே பொது விசாரணை, ஓட்டல்ல ஏசி ரூம்ல இல்ல. ஒட்டுக் கட்டடம் இருக்குற பக்கம் வாய்க்கா ஓர குடும்பங்களுக்கும் மில்லு குடும்பங்களுக்கும் வீடு, கை மாத்த முடியாத பட்டாவோட. பழைய ஷெட்டுல ஒண்ண 1936 வரலாற்றுக்கும் நூலகத்துக்கும் வைக்கணும், மத்ததுல வேலை தர்ற எதுவும் வரலாம், தீயணைப்பு அனுமதியோட. இது எல்லாத்துக்கும் முன்னாடி, இந்த மழைக்குள்ள, கூரை போன இடத்துல தற்காலிக தகடும், மதில் ஓரம் நடைபாதையும் லைட்டும்.

நெல்லித்தோப்பு_கடை:
நடைபாதை போடும்போது கட வைக்க எடமும் விடுங்க தம்பி. மதில தள்ளி வச்சா அந்த பத்தடில ஒரு வரிசை சின்ன கட, ஏலம் போடாம ஏற்கெனவே அந்த ரோட்டுல வியாபாரம் பண்ணவங்களுக்கு. கட இருந்தா வெளிச்சம் தானா வரும், அந்தம்மா சொன்ன பயமும் போவும். இத சேத்தா நான் கையெழுத்து போடறன், எங்க வியாபாரி சங்கத்துலயும் பேசறன்.

ரயில்கேட்_வாசி:
சேத்துட்டேன் அண்ணே.

சங்கத்து_ஆள்:
மனுவ தொழிலாளர் துறைக்கும் ஒரு நகல் போடுங்க, நகர அமைப்புக் குழுமத்துக்கு ஒண்ணு, தலைமைச் செயலருக்கு ஒண்ணு. ஆளுநர் மாளிகைக்கும் போகணும், யூனியன் பிரதேசம், கோப்பு அங்கயும் நிக்கும். அதோட தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு கேள்வி தனியா போடுங்க, நிலத்தோட சர்வே நம்பர், அடமானம் எதுவும் இருக்கா, யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்காங்களான்னு. 30 நாள்ல பதில் வரணும். அந்த பதில் கையில இல்லாம மேடை ஏறாதீங்க.

ரெண்டு_புள்ளைங்க_அம்மா:
கூட்டம் வைக்கிறதா இருந்தா சாயங்காலம் ஆறு மணிக்குன்னு வைக்காதீங்க, அந்த நேரத்துக்கு எந்தப் பொம்பளையும் வர முடியாது, அடுப்புகிட்ட நிப்போம். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வைங்க, எங்க தெருவுலேர்ந்து எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். புள்ளைங்களும் வரும், உக்கார பாய் போடுங்க.

ரயில்கேட்_வாசி:
ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கே வச்சிடலாம்க்கா. இடம் இன்னும் முடிவாகல, திடலுக்கு அனுமதி கேட்டிருக்கேன், கிடைக்கலன்னா பக்கத்துல கல்யாண மண்டபம் ஏதாவது பாக்கலாம். மனு வரைவு நாளைக்கு இங்கயே போடுறேன், திருத்தம் சொல்லுங்க. தறிக்காரர் மகள், அப்பா கூட வேலை பாத்தவங்க யாராச்சும் நடக்கிற நிலைமைல இருந்தா கூட்டிட்டு வாங்க, மொதல்ல அவங்க பேசட்டும்.

தறிக்காரர்_மகள்:
ரெண்டு பேர் இருக்காங்க அண்ணா, ஒருத்தர் ஸ்பின்னிங் மேஸ்திரி, ஒருத்தர் பாய்லர். ஆட்டோ வச்சி கூட்டிட்டு வந்துடறேன். மைக் இருக்கணும், அவங்களுக்கும் காது மந்தம்.